ஒரே வரைபடம், பல பையர்கள்: செயல்முறை மாதிரியைத் தர எதிர்பார்ப்புக்கு ஏற்ப அமைப்பது எப்படி?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குச் செயல்முறை வரைபடம் போட்டுத் தரப் போயிருந்தேன். அங்கே ஏற்கெனவே பதினோரு வரைபடங்கள் இருந்தன, பையருக்கு, அதாவது ஆர்டர் தரும் கம்பெனிக்கு, ஒன்று என்ற கணக்கில். பிரித்துப் பார்த்தால் முக்கால்வாசி ஒரே படம். துணி வருகிறது, செக்கிங் நடக்கிறது, கட்டிங் போகிறது. ஒருவருக்கு எல்லா ரோலையும் பார்க்க வேண்டும், இன்னொருவருக்குப் பத்தில் ஒன்று போதும். அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு படத்தில் திருத்தம் வந்தால் மற்ற பத்திலும் கை வைக்க வேண்டும், அதற்கு யாருக்கும் நேரம் இல்லை. கட்டிங் மாஸ்டரிடம் எந்தப் படத்தைப் பார்த்து வேலை செய்கிறீர்கள் என்று கேட்டேன். "மெர்ச்சண்டைசரைப் போன்ல கேட்டுக்குவேங்க" என்றார். மெர்ச்சண்டைசர் என்றால் பையருக்கும் கம்பெனிக்கும் நடுவே ஆர்டரைப் பார்த்துக்கொள்பவர்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பதினோரு படம் வேண்டாம், ஒன்று போதும். அதில் மாறக்கூடிய இடங்களைக் குறித்து வைக்க வேண்டும். எந்த இடத்தில் எந்த மாற்றைத் தேர்ந்தெடுப்பது என்பதைச் சம்பந்தப்பட்டவர்கள் எதிர்பார்க்கும் தரத்தைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

இது புதிய யோசனை அல்ல. மைக்கேல் ரோஸ்மனும் வில் வான் டெர் ஆல்ஸ்ட்டும் 2007-ல் அமைக்கத்தக்க மாதிரிகளுக்கென்று ஒரு குறியீட்டு முறையையே வெளியிட்டார்கள். மாறக்கூடிய வேலைகளைத் தடித்த கோட்டில் வரைந்து, அதை வைத்துக்கொள்ளலாம், நீக்கலாம், அல்லது நடக்கும்போது முடிவு செய்யலாம் என்று மூன்று நிலை தந்தார்கள். இன்னொரு பக்கம், டொரொன்டோவில் எரிக் யூ, ஜான் மைலோபோலஸ் போன்றவர்கள் 'மென் இலக்கு' என்ற கருத்தை வளர்த்தார்கள். வேகம், நம்பகம் மாதிரியான எதிர்பார்ப்புகளை ஆம், இல்லை என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது, எந்த அளவுக்கு நிறைவேறுகிறது என்றுதான் பார்க்க முடியும் என்பது அதன் சாரம். இந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் நம் வேலைக்குப் போதும்.

சின்னதாக ஒரு பகுதியை எடுங்கள்

ஆர்டர் வாங்குவதிலிருந்து கப்பல் ஏற்றுவது வரை முழுவதையும் முதலிலேயே எடுக்காதீர்கள், மூழ்கிப் போவீர்கள். நான் எடுத்துக்கொண்டது டையிங் முடிந்து துணி உள்ளே வருவதிலிருந்து கட்டிங் மேசைக்குப் போவது வரை. தொடக்கம் தெளிவு, முடிவு தெளிவு, நடுவில் சண்டை நிறைய. பழகுவதற்கு இப்படிப்பட்ட பகுதிதான் நல்லது.

வரைவதற்கு பிபிஎம்என் (BPMN) என்ற செயல்முறை வரைபடக் குறியீடு போதும். அதன் 2.0 பதிப்பு 2011-ல் வந்தது, 2013-ல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது. இலவச மென்பொருள் பல இருக்கின்றன, வெள்ளைப் பலகையும் போதும். முதல் சுற்றில் எல்லோருக்கும் பொதுவான ஓட்டத்தை மட்டும் போடுங்கள்: டிசியோடு (டெலிவரி சலான்) துணி இறங்குகிறது, எடை சரிபார்ப்பு, ஷேட் (சாயம் ஏறிய நிறம்) பார்ப்பது, ரோல் செக்கிங், சுருக்கச் சோதனை, துணியைப் பிரித்து ஓய்வில் விடுவது, கட்டிங்குக்கு ஒப்படைப்பு.

மாறும் இடங்களைத் தேடுவது

"சில சமயம்", "அந்த பையருக்கு மட்டும்", "அவசரம்னா" என்று பேச்சில் எங்கே வருகிறதோ அங்கே ஒரு மாறும் இடம் இருக்கிறது. பேசும்போது இந்தச் சொற்களை மட்டும் தனியாகக் குறித்துக்கொண்டே வாருங்கள். எங்களுக்கு ஐந்து கிடைத்தன.

ரோல் செக்கிங் முதல் இடம். எல்லா ரோலையும் ஓட்டிப் பார்க்கலாம், பத்து சதவீதம் பார்க்கலாம், டையிங் யூனிட் தரும் ரிப்போர்ட்டை அப்படியே ஏற்றுக்கொள்ளலாம். ஷேட் ஒப்புதல் இரண்டாவது. துணித் துண்டை பையருக்குக் கூரியரில் அனுப்பிக் காத்திருக்கலாம், அல்லது பையர் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட லேப் டிப்போடு (சாயம் போட்ட மாதிரித் துண்டு) நம் லைட் பாக்ஸிலேயே (வெவ்வேறு விளக்கொளியில் நிறம் பார்க்கும் பெட்டி) ஒப்பிட்டு முடிக்கலாம். மூன்றாவது, சுருக்கச் சோதனை முடிவு வந்த பிறகுதான் கட்டிங்கா, அதற்கு முன்பே தொடங்கலாமா என்பது. நான்காவது, துணியை ஓய்வில் விடும் நேரம். லைக்ரா கலந்த துணியை ஒரு நாளாவது பிரித்துப் போட்டால்தான் இழுவை தளரும். மற்றதற்கு அவ்வளவு தேவைப்படாது. ஐந்தாவதை எல்லோரும் மறந்துவிடுவார்கள். ஷேட் தவறிய துணியை என்ன செய்வது? மறுசாயத்துக்கு அனுப்புவதா, அடர்நிறத்துக்கு மாற்றுவதா, வேறு ஆர்டருக்குத் திருப்புவதா?

ஒரு எச்சரிக்கை. நடக்கும்போது எழும் முடிவும் முன்கூட்டியே அமைக்கும் முடிவும் வேறு வேறு. ஒரு ரோல் தேறியதா இல்லையா என்பது தினமும் நூறு முறை எழும் கேள்வி. அது வரைபடத்தில் சாதாரண வைரக் குறியாகவே இருக்கட்டும். ரோல் செக்கிங்கை இந்த ஆர்டருக்கு எப்படி நடத்துவது என்பது ஆர்டர் தொடங்கும்போது ஒரே ஒரு முறை எடுக்கும் முடிவு. அதுதான் மாறும் இடம். பிபிஎம்என்னில் இதற்கென்று தனிக் குறி இல்லை. நான் தடித்த கோடு போட்டு, பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதிவிடுவேன்.

யாரைக் கேட்பது, என்ன கேட்பது

பையர், முதலாளி, மெர்ச்சண்டைசர், புரொடக்ஷன் மேனேஜர், கட்டிங் மாஸ்டர், துணி செக்கிங் ஆட்கள், டையிங் யூனிட். இவர்கள் எளிதில் நினைவுக்கு வருவார்கள். அறைக்குள் வராதவர்களும் இருக்கிறார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. வழக்குத் தொடுத்தவர்கள் நொய்யல் பாசன விவசாயிகள். கழிவுநீர் துளிகூட வெளியேறக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் பட்டறைகள் பிறகு இயங்க முடிந்தது. ஆக, மறுசாயம் என்ற ஐந்தாவது இடத்துக்கு நொய்யல் கரையும் சம்பந்தப்பட்டதுதான். ஒவ்வொரு மறுசாயமும் கூடுதல் தண்ணீர், கூடுதல் உப்பு, கூடுதல் சுத்திகரிப்புச் செலவு. பட்டியலில் இவர்களைச் சேர்க்காமல் போடும் அமைவு, அதாவது மாறும் இடங்களில் தேர்ந்த மாற்றுகளின் தொகுப்பு, காகிதத்தில் மட்டும்தான் மலிவாக இருக்கும்.

"என்ன தரம் எதிர்பார்க்கிறீர்கள்?" என்று கேட்டால் "நல்ல தரம்" என்றுதான் பதில் வரும். அப்படிக் கேட்காதீர்கள். "போன மாதம் எதற்காகச் சத்தம் போட்டீர்கள்?" என்று கேளுங்கள். நான் கேட்டபோது கட்டிங் மாஸ்டர் என்னை துணி ரூமுக்கே கூட்டிப்போனார். ஒரே லாட்டின் (ஒரே தடவையில் சாயம் போட்ட துணி) இரண்டு ரோல்களை இறக்கி, மேசை மேல் விரித்து, இஞ்ச் டேப் வைத்துக் காட்டினார். ஒன்று அறுபது இஞ்ச், மற்றது ஐம்பத்தெட்டரை. "அறுபதுக்கு மார்க்கர் போட்டுட்டேன். இது லே போட்டதுக்கப்புறம்தான் தெரியுது. இப்ப எல்லாத்தையும் முதல்லேருந்து போடணும்." மார்க்கர் என்பது வெட்ட வேண்டிய பாகங்களைத் துணி அகலத்துக்குள் அடுக்கிய வரைபடம், லே என்பது வெட்டுவதற்காகத் துணியை அடுக்கடுக்காக விரிப்பது. ரோல் செக்கிங் எத்தனை சதவீதம் என்பதெல்லாம் அவருக்குப் பொருட்டே இல்லை. ஒவ்வொரு ரோலின் அகலமும் முதல் நாளே கைக்கு வர வேண்டும், அவ்வளவுதான். எங்கள் ஐந்து மாறும் இடத்திலும் இது இல்லை. எடை போடும்போதே அகலத்தையும் அளந்து எழுதுவது என்று பொது ஓட்டத்திலேயே சேர்த்தோம். கேட்காமல் விட்டிருந்தால் எந்த அமைவும் அவருக்கு உதவியிருக்காது.

கிடைத்த ஒவ்வொரு எதிர்பார்ப்பையும் அளக்கக்கூடிய வாக்கியமாக மாற்றுங்கள். "ஷேட் ஒத்துப்போகணும்" என்பது "ஒப்புக்கொண்ட லேப் டிப்பிலிருந்து டெல்டா ஈ 1-க்குள்" என்று ஆகட்டும் (டெல்டா ஈ என்பது இரண்டு நிறங்களுக்கு இடையிலான வித்தியாசத்தின் அளவு). "துணியில் குறை இருக்கக் கூடாது" என்பதற்கு இருக்கவே இருக்கிறது நான்கு புள்ளி முறை. மூன்று இஞ்ச் வரையான குறைக்கு 1 புள்ளி, ஒன்பது இஞ்சைத் தாண்டினால் 4, ஒரு கஜத்துக்கு அதிகபட்சம் 4. நூறு சதுர கஜத்துக்கு 40 புள்ளிக்குள் இருந்தால் தேறியது என்பது பரவலான வழக்கம். "சீக்கிரம் வேணும்" என்பது "துணி இறங்கி 48 மணி நேரத்துக்குள் கட்டிங்" என்று ஆகட்டும். எண் போட முடியாத எதிர்பார்ப்பும் வரும். அதை வலிந்து எண்ணாக்க வேண்டாம், யார் சொன்னது என்று பெயரோடு குறித்து வையுங்கள்.

அப்புறம் இரண்டு கூடை. மீறவே முடியாதவை ஒன்று: பையரின் ஆர்டரில் எழுத்தில் இருப்பவை, சட்டம் சொல்பவை. கூடுதலாக இருந்தால் நல்லது என்பவை இன்னொன்று. இந்தப் பிரிப்பில் சோம்பல் படாதீர்கள். அடுத்த படி முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது.

மாற்றுக்கும் எதிர்பார்ப்புக்கும் முடிச்சுப் போடுவது

ஒரு அட்டவணை போடுங்கள். இடப்பக்கம் மாற்றுகள், மேலே எதிர்பார்ப்புகள். கட்டங்களில் நான்கே குறிகள்: ++ நிறைவேற்றிவிடும், + உதவும், − கெடுக்கும், −− உடைத்துவிடும். தொடர்பே இல்லையென்றால் காலியாக விடுங்கள்.

ஷேட் ஒப்புதலை எடுத்துக்கொள்வோம். கூரியரில் அனுப்புவதற்கு நிற ஒப்புமையில் ++, காரணம் பையரே பார்த்துவிடுகிறார். நேரத்தில் −−, ஏனென்றால் போய்வரக் குறைந்தது நான்கைந்து நாள் ஆகும். செலவில் −. லைட் பாக்ஸில் உள்ளேயே பார்ப்பதற்கு நிறத்தில் +, நேரத்தில் ++, செலவில் +. இப்போது இரண்டு ஆர்டர்களை வைத்துப் பாருங்கள். ஒன்று, ஷேட் விஷயத்தில் கறாரான, ஆனால் டெலிவரிக்குத் தாராளமாக நாள் தரும் வெளிநாட்டு பையர். இன்னொன்று, விலையும் வேகமும்தான் முக்கியம் என்று சொல்லும் உள்நாட்டு மொத்த வியாபாரி. முதலாவதற்குக் கூரியர், இரண்டாவதற்கு லைட் பாக்ஸ். வரைபடம் அதேதான், அமைவு மட்டும் வேறு.

இந்தக் குறிகளுக்கு எண் கொடுத்து, எடை போட்டு, கூட்டி, பெரிய எண் வருவதை எடுத்துக்கொள்ளும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. நான் அதை முழுதாக நம்புவதில்லை. கூட்டும்போது ஒரு −− மூன்று + குறிகளுக்கு அடியில் காணாமல் போய்விடும். மீறவே முடியாத கூடையில் உள்ள எதையாவது உடைக்கும் மாற்றை முதலிலேயே அடித்துவிடுங்கள். மிச்சம் இருப்பவற்றுக்கு மட்டும் கூட்டிப் பாருங்கள். அதிலும் எண்கள் நெருக்கமாக இருந்தால், எண்ணை நம்பாமல் சம்பந்தப்பட்ட இருவரை ஒன்றாக உட்கார வைத்துப் பேசவிடுங்கள்.

எல்லாவற்றிலும் ++ வாங்கும் அமைவு கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். நேரம், செலவு, தரம், நெகிழ்வு ஆகிய நான்கு மூலைகளை வைத்து நெதர்லாந்தில் 1990-களில் ஒரு நாற்கரம் போட்டார்கள், அதற்குப் பெயரே பிசாசு நாற்கரம். ஒரு மூலையை இழுத்தால் இன்னொன்று உள்ளே போகும். எந்த மூலை உள்ளே போகிறது என்பதை முதலாளியிடம் முன்கூட்டியே, முகத்துக்கு நேராகச் சொல்லிவிட வேண்டும். புதிதாக வருகிறவர்கள் தயங்குவது இங்கேதான்.

மாற்றுகள் தங்களுக்குள் ஒத்துப்போகின்றனவா?

நான் அடி வாங்கிக் கற்ற இடம் இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு அவசர ஆர்டருக்கு லைட் பாக்ஸ் அமைவைத் தேர்ந்தெடுத்தோம். நேரம் இன்னும் குறையட்டும் என்று, உடல் துணியையும் காலருக்கான ரிப் துணியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஒரு சின்ன வேலையை நீக்கினேன். இரண்டையும் தனித்தனியே லேப் டிப்போடு பார்க்கிறார்களே, போதாதா என்பது என் எண்ணம். நேவி ப்ளூ டி-ஷர்ட். உடல் ஒரு லாட், ரிப் வேறு லாட். இரண்டும் தனித்தனியே தேறின. தைத்து முடித்து செக்கிங் மேசைக்கு வந்தபோது, அங்கே வேலை பார்த்த அக்கா ஒரு பீஸைத் தூக்கிக் காட்டினார். ஜன்னலோரம் ஒரே நீலம். டியூப் லைட்டுக்குக் கீழே காலர் மட்டும் லேசாகச் சிவந்து தெரிந்தது. இரண்டு லாட்டுக்கும் சாயக் கலவை வேறு. அதனால் ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிந்தவை இன்னொன்றில் பிரிந்துவிட்டன. லைட் பாக்ஸில் பகல் வெளிச்சமான டி65-ல் மட்டும்தான் பார்த்திருந்தார்கள். கடை வெளிச்சமான டிஎல்84-ல் பார்க்கவில்லை. தைத்த காலரைப் பிரித்து எடுத்து, புது ரிப் வைத்துத் திரும்பத் தைத்தோம். மிச்சம் பிடித்த நேரத்தைப்போல் பல மடங்கு போயிற்று.

மாற்றுகளைத் தனித்தனியே பார்த்தால் இரண்டு முடிவுமே நியாயமாகத்தான் தெரிந்தன. கூரியர் வழியில் உடலும் ரிப்பும் சேர்ந்தே பையரிடம் போகும், அவர் பார்த்துவிடுவார். அந்த வழியை மூடும்போது, அது சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்த வேலையும் போய்விடுகிறது. இப்போது அட்டவணைக்குக் கீழே நிபந்தனைகளைத் தனியே எழுதிவிடுகிறேன்: "ஷேட் உள்ளேயே என்றால், உடல்–ரிப் ஒப்பீடு கட்டாயம், இரண்டு வெளிச்சத்திலும்." "டையிங் ரிப்போர்ட்டை ஏற்பதென்றால், சுருக்கச் சோதனை முடியாமல் கட்டிங் கூடாது." இப்படி ஐந்து மாறும் இடத்துக்கு ஏழெட்டு நிபந்தனை வந்தது. ஒவ்வொரு மாற்றையும் தேர்ந்தெடுக்கும்போது, தேர்ந்தெடுக்காத வழி இதுவரை எதைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று கேளுங்கள். நிபந்தனைகள் தானாக வரும்.

நீக்கும்போது ஓட்டம் அறுந்துவிடக் கூடாது

ஒரு வேலையை எடுப்பதற்கு இரண்டு வழி உண்டு. வேலையை மட்டும் தாண்டிப் போவது ஒன்று, பாதை அப்படியே இருக்கும். பாதையையே அடைப்பது இன்னொன்று. இரண்டையும் குழப்பினால் மாதிரி நின்றுவிடும். ஷேட், ரோல் செக்கிங், சுருக்கச் சோதனை மூன்றும் ஒரே நேரத்தில் நடந்து, மூன்றும் முடிந்ததும் சேரும் இடத்தில் கூட்டல் குறி போட்ட வைரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குறி மூன்று பக்கத்திலிருந்தும் வருகைக்குக் காத்திருக்கும். சுருக்கச் சோதனைப் பாதையை அடைத்தால் மூன்றாவது ஆள் வரவே மாட்டார். மென்பொருளில் ஆர்டர் "காத்திருப்பு" என்றே நிற்கும், துணி ரேக்கிலேயே கிடக்கும். இங்கே செய்ய வேண்டியது வேலையைத் தாண்டிப் போவது, அல்லது பாதையைத் தொடக்கத்திலிருந்து சேரும் இடம் வரை முழுதாக எடுத்துவிடுவது. ஒவ்வொரு அமைவுக்கும் ஒரு காசை தொடக்கத்தில் வைத்து, விரலால் நகர்த்தி, முடிவுவரை போகிறதா என்று பாருங்கள். பிரியும் இடத்தில் மூன்று காசு வையுங்கள். இந்தக் காசு விளையாட்டு பல பிழைகளைக் காட்டிவிடும்.

எண் போட்டுச் சரிபார்ப்பது

கணக்கு சுலபம்தான். ஒன்றன்பின் ஒன்றாக நடப்பவற்றின் நேரத்தைக் கூட்டுங்கள், ஒன்றாக நடப்பவற்றில் நீளமானதை எடுங்கள். ஷேட் 3 மணி, ரோல் செக்கிங் 8 மணி, சுருக்கம் 24 மணி என்றால் வரிசையாக 35 மணி, இணையாக 24 மணி. திரும்பிப் போகும் வேலைக்கு, ஒரு சுற்றின் நேரத்தை (1 − திரும்பும் பங்கு) என்பதால் வகுங்கள். டையிங் சுற்று 6 நாள், நான்கில் ஒரு லாட் மறுசாயத்துக்குப் போகிறது என்றால் 6 ÷ 0.75, அதாவது சராசரி 8 நாள். முதலாளியிடம் இந்த இரண்டு நாளைக் காட்டினால் ஐந்தாவது மாறும் இடத்தைப் பற்றி அவரே பேசத் தொடங்குவார்.

இடத்தையும் பாருங்கள். ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்த ஒரு விதி இருக்கிறது: உள்ளே நிற்பவை = வரும் வேகம் × தங்கும் நேரம். நாளுக்கு 40 ரோல் வந்து, கூரியருக்காக 5 நாள் நின்றால் 200 ரோல். ரேக்கில் 120 தான் பிடிக்கும் என்றால் அந்த அமைவு தேறாது, அட்டவணையில் எத்தனை ++ இருந்தாலும் சரி.

ஒரு அட்டை

முடிவானதை ஆர்டருக்கு ஒரு அட்டையில் எழுதுங்கள்: ஐந்து மாறும் இடம், ஒவ்வொன்றிலும் தேர்ந்த மாற்று, எந்த எதிர்பார்ப்புக்காக, யார் ஒப்புக்கொண்டது, தேதி. காரணம் எழுதாத அட்டை பயன்படாது. மூன்று மாதம் கழித்து பையர் "இனிமேல் ஷேட்டை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மெயில் போட்டால், எந்த வரி மாறுகிறது, அதனால் எந்த நிபந்தனை விழித்துக்கொள்கிறது என்று அட்டையைப் பார்த்தே சொல்ல முடிய வேண்டும். மூல மாதிரியில் யாரும் கை வைக்க வேண்டியதில்லை. பொது ஓட்டமே மாறினால்தான் அதைத் தொட வேண்டும், ரோல் அகலத்துக்குச் செய்தோமே, அப்படி.

அட்டையை ஆபீஸ் ஃபைலில் வைக்காதீர்கள். துணி ரூம் கதவில், கட்டிங் மாஸ்டர் வந்து போகும் வழியில் ஒட்டுங்கள். அவர் அதில் பேனாவால் ஏதாவது திருத்தினால் அழிக்க வேண்டாம். அந்தத் திருத்தத்தை எடுத்துக்கொண்டு போய் மெர்ச்சண்டைசரோடு உட்காருங்கள்.